பனங்கையும் பேட்டரி டிரில்லும்

சாத்தான்குளம் பஜாரில் ஹார்டுவேர் கடைக்குப் போய் டிரில்லிங் மெஷின் வேண்டும் என்று கேட்டால், முதலில் எடுத்துப் போடுவது வயர் மெஷினைத்தான். 500 வாட், 550 வாட், 600 வாட் என்று பெட்டியின் மேலுள்ள எண்ணைக் காட்டி, "இது நல்லா இழுக்கும் அண்ணாச்சி, சுவரு, கட்டை, தகரம் எல்லாத்துக்கும் ஆகும்" என்பார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பனையை நம்பி நிற்கும் நம் பக்கத்து வீடுகளுக்கு, இந்த மெஷின் எவ்வளவு மெதுவாகச் சுற்றும், மெதுவாகச் சுற்றும்போதும் பலம் குறையாமல் இருக்குமா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியோடு 12 வோல்ட் பேட்டரி டிரில் ஒன்றை வாங்கி, பழைய ஓட்டு வீடு ஒன்றின் சில்லறை வேலைகள் அத்தனைக்கும் அதையே பிடித்துப் பார்த்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, ஏற்கெனவே கையில் இருந்த 550 வாட் வயர் மெஷினையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

வீடு இன்ன மாதிரி என்று சொல்லிவிட்டால்தான் மெஷினைப் பற்றிச் சொல்வது விளங்கும். முன்பக்கம் சீமை ஓடு வேய்ந்த தாழ்வாரமும் கூடமும். கூரைச் சட்டம் முழுக்கப் பனங்கை. சுவர், சுண்ணாம்புக் காரை போட்டுக் கட்டிய நாட்டுச் செங்கல். நிலையும் கதவும் தேக்கு. பின்னால், பிற்காலத்தில் சேர்த்த கான்கிரீட் அறைகள், அவற்றில் பிளைவுட் அலமாரிகள். உடன்குடி, தட்டார்மடம், நாசரேத், திசையன்விளை என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படிப் பாதி பழசும் பாதி புதுசுமான வீடுகள் நிறைய உண்டு. ஒரே மெஷின் இத்தனை பொருளுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். கடலும் தூரத்தில் இல்லை. மணப்பாட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றில், ஓட்டுக்கு அடியில் அடித்த இரும்பு ஆணி தலை மட்டும் மிஞ்சி, உடம்பு துருவாக உதிர்ந்து கிடப்பதைக் கூரை பிரிக்கிற எவரும் பார்த்திருப்பார்கள்.

இந்த வேலைகளில் கடினமானது பனைதான். தேக்கு, வேம்பு, பூவரசு எல்லாம் நடுவில் வைரமும் வெளியே வெளிறுமாக வளரும். பனை நேர் எதிர். வெளிச்சுற்றில் வைரம், உள்ளே சோறு. வெளியே வைரமுள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரமுள்ளதை மரம் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனை ஒரு புல். தாவரவியலாரும் அதை ஒருவித்திலைத் தாவரங்களில் சேர்த்து, புல்லுக்கும் நெல்லுக்கும் தூரத்து உறவாக வைக்கிறார்கள். அதற்கு ஆண்டு வளையம் கிடையாது. நெடுக்காக ஓடும் கறுப்பு நார்க்கட்டுகளும் அவற்றுக்கிடையே மென்மையான திசுவும்தான் அதன் உடம்பு. வயதான மரத்தின் அடிப்பாகத்தில், வெளி ஓரத்தில், அந்த நார்க்கட்டுகள் நெருக்கி அடைந்து நிற்கும். பனைக் குடும்பத்து மரங்களின் நாரை ஒட்டி நுண்ணிய சிலிக்காத் துகள்களும் இருக்கின்றன. எந்த வெட்டுக்கருவியின் முனையையும் அவை சீக்கிரம் மழுக்கிவிடும். ஆணியை நேரே அடித்தால் வளையும். வளையாவிட்டால் சட்டம் நார் ஓடும் திசையில் பிளக்கும். நம் ஊர் ஆசாரிமார் துளை போடாமல் பனையில் ஆணி இறக்குவதில்லை என்பது இதனால்தான். அந்தக் காலத்தில் அதற்குத் துறப்பணம் இருந்தது. கயிற்றை இழுத்து முன்னும் பின்னுமாகச் சுற்றும் அந்தக் கருவிக்கு வேகம் குறைவு. பனைக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

வயர் மெஷின் நிமிடத்துக்கு 2,800 சுற்று வரை போகும். செங்கல் சுவருக்கு அது வேண்டும். பனங்கையில் அதே வேகத்தில் பிட்டை வைத்தால், அரை விரல் ஆழம் போவதற்குள் புகை வருகிறது. துளையின் உள்பக்கம் கரியாகிறது, பிட்டின் முனை நீலம் பாய்கிறது. நீலம் பாய்ந்த முனை பதம் இழந்த முனை. ட்ரிக்கரை மெல்ல அழுத்தி வேகத்தைக் குறைக்கலாமே என்றால், இந்த வகை மெஷின்களில் கியர் ஒன்றுதான். வேகம் குறையும்போது முறுக்கும் சேர்ந்து குறைகிறது. நாரில் பிட் மாட்டிக்கொண்டதும் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும். மறுபடி அழுத்தினால் வெடுக்கென்று சுற்றி மணிக்கட்டை முறுக்கும். ஏணியில் நின்றுகொண்டு இதைச் செய்வது ஆபத்தான வேலை.

இனி பேட்டரி மெஷின். கம்பெனிப் பெயரை நான் சொல்லப்போவதில்லை. போஷ், மகீட்டா, டிவால்ட், ஸ்டான்லி என்று பல கம்பெனிகள் இந்த வகையில் ஒன்றுக்கொன்று அருகான அளவுகளோடு மெஷின் போடுகின்றன. பெயரைவிடப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்கள் முக்கியம். நான் வாங்கியதில் அவை இப்படி: கியர் இரண்டு, முதல் கியரில் நிமிடத்துக்கு 400 சுற்று வரை, இரண்டாவதில் 1,500 வரை, முறுக்குவிசை 30 நியூட்டன் மீட்டர், கிளட்ச் 20 படி, சக் 10 மில்லிமீட்டர். 30 நியூட்டன் மீட்டர் என்றால், ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் ஏறத்தாழ மூன்று கிலோவைத் தொங்கவிட்டால் நட்டில் எவ்வளவு முறுக்கு ஏறுமோ அவ்வளவு. வீட்டு மர வேலைக்கு இது தாராளம். 400 என்ற முதல் கியர் எண்ணுக்காகவே இந்த மெஷினை வாங்கலாம் என்பது என் முடிவு. வேகத்தைக் கியர் குறைக்கிறது; குறைந்த வேகம் முறுக்காக மாறிக் கைக்கு வருகிறது. ட்ரிக்கரை மட்டும் தளர்த்துவதால் இது கிடைக்காது.

தாழ்வாரத்தில் ஓட்டைத் தாங்கும் ரீப்பர்கள் சில ஆணி கழன்று தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை ஸ்க்ரூ போட்டுப் பனங்கையோடு பிடிக்க வேண்டும். ஓட்டைக் கழற்றி இறக்கி, பனங்கையை உளிக்காம்பால் தட்டிப் பார்த்தால் வைரப் பக்கம் கணீரென்றும் சோற்றுப் பக்கம் பொத்தென்றும் ஒலிக்கும். ஸ்க்ரூ வைரத்தில் பிடிக்க வேண்டும். சோற்றில் எத்தனை நீள ஸ்க்ரூ போட்டாலும் காற்றுக்கு ஆட ஆடக் கழன்று வந்துவிடும். குறி போட்ட இடத்தில் சென்டர் பஞ்ச்சால் ஒரு தட்டு. இல்லாவிட்டால் வழுவழுப்பான கறுப்பு நாரில் பிட் நிற்காமல் வழுக்கி ஓடும். ரீப்பரில் நாலரை மில்லிமீட்டர் துளை, அதன் வழியே பனங்கையில் மூன்று மில்லிமீட்டர் துளை. 8 நம்பர் ஸ்க்ரூவுக்கு இந்த ஜோடி சரியாக இருக்கிறது. ரீப்பரில் ஸ்க்ரூ தளர்வாகப் போக வேண்டும், பனங்கையில் கடிக்க வேண்டும். அப்போதுதான் ரீப்பர் இழுபட்டு ஒட்டி உட்காரும்.

முதல் கியரில் ட்ரிக்கரைப் பாதி அழுத்தியதும் துளை வாயில் முதலில் பழுப்பாக மாவு வருகிறது. பிறகு கறுப்பு நார் ஊசி ஊசியாகச் சுருண்டு ஏறுகிறது. அதைக் கையால் தட்டிவிடக் கூடாது, அத்தனையும் சிலாம்பு. பழைய பெயின்ட் பிரஷ் ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும். விரல் அகலம் இறங்கியதும், சுற்றும் பிட்டை நிறுத்தாமலே வெளியே இழுத்து, நாரை உதறிவிட்டு மறுபடி இறக்க வேண்டும். இப்படி இழுத்து இழுத்துப் போட்டால் புகை இல்லை, கரி இல்லை. கையால் தொட்டால் பிட் வெதுவெதுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். வைரம் முடிந்து சோறு தொடங்கும் இடத்தில் மெஷின் சத்தம் சட்டென்று இளகும். அங்கே அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் கை முன்னே பாய்ந்துவிடும். வயர் மெஷினின் இரைச்சலில் இந்த மாற்றம் காதில் விழாது. எங்கள் தெரு ஆசாரி கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பனைக்கு அவசரம் ஆகாது அண்ணாச்சி. பைய விடுங்க, அதுவா இறங்கும்" என்றார். மெஷினின் கையேட்டில் இத்தனை தெளிவாக இல்லை.

துளையிலிருந்து தூளை வெளியேற்றுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நிலவில் ஒரு சாட்சி இருக்கிறது. 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தில், நிலத்தின் உள்வெப்பத்தை அளக்கும் கருவியைப் புதைக்க டேவிட் ஸ்காட் ஒரு பேட்டரி டிரில்லால் துளை போட்டார். திட்டமிட்ட ஆழத்தில் ஏறக்குறைய பாதிதான் இறங்கியது. துளைக்கும் தண்டின் துண்டுகள் ஒன்றோடொன்று இணையும் இடத்தில், தூளை மேலே ஏற்றும் திருகுப் பள்ளம் தொடர்ச்சியாக இல்லை. தூள் அங்கே அடைத்துத் தண்டு இறுகிவிட்டது. அடுத்த பயணத்துக்கு அந்த இணைப்பையே மாற்றி வடிவமைத்தார்கள். மெஷினில் சக்தி குறைவாக இருந்ததல்ல காரணம், தூளுக்கு வழி இல்லாததுதான். பனங்கையில் பிட் மாட்டினால் பெரிய மெஷின் வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் பிட்டின் பள்ளத்தைப் பார்க்கட்டும்.

கிளட்ச்சைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கடையில் யாரும் அதை விளக்குவதில்லை. பலர் வாங்கிய நாளிலிருந்து அந்த வளையத்தை டிரில் குறியில் வைத்தபடியே வைத்திருக்கிறார்கள். சக்குக்குப் பின்னால் எண் போட்ட வளையம் இருக்கிறதே, அதுதான். 5-இல் வைத்தால், ஸ்க்ரூ அந்த அளவு முறுக்கை எட்டியதும் டக்டக்கென்று ஒலித்துச் சுற்றுவதை விட்டுவிடும். ஸ்க்ரூ தலை மரத்துக்குள் மூழ்குவதும், பித்தளை ஸ்க்ரூவின் கழுத்து முறிவதும், பிளைவுட்டில் துளை சுற்றிப் பெரிதாவதும் இதனால் நிற்கின்றன. எங்கள் வீட்டுத் தேக்குக் கதவில் கீல்களைக் கழற்றி மாற்றியபோது இந்த வளையம்தான் வேலையைக் காப்பாற்றியது. பழைய துளைகளில் மூங்கில் குச்சியும் பசையும் வைத்து அடைத்து, காய்ந்தபின் புதிய துளை போட்டு, 6-இல் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏற்றினேன். கடைசிக் கால் சுற்றைக் கை ஸ்க்ரூ டிரைவரால் முடித்தேன். பித்தளைக்கு எப்போதும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

கதவும் அலமாரியும் நம் மாவட்டத்தில் இப்போது அதிகம் பேசப்படும் வேலைகள் ஆகிவிட்டன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தண்ணீர் வடிந்தபின் வீடுகளில் எது நின்றது, எது போனது என்று பார்த்தால் ஒரு பாடம் தெளிவாகத் தெரிந்தது. தேக்கும் வேம்பும் ஊதின, பிறகு காய்ந்து இறங்கின. மரத்தூளை ஒட்டி அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு அலமாரிகள் அடிப்பக்கம் ஊதி, ஸ்க்ரூ பிடிப்பை விட்டு, கதவு தானாகக் கழன்று விழுந்தன. அவற்றைச் சரிசெய்ய எந்த மெஷினாலும் முடியாது. ஊதிய பகுதியை வெட்டி எறிந்து, அடியில் வேறு கட்டை கொடுப்பதுதான் வழி. புதிதாகப் பலகை வாங்குகிறவர்கள் பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது தண்ணீரைத் தாங்கும் மரைன் ரகத்துக்கான தரம். ஐ.எஸ். 303 என்பது பொது உபயோகத்துக்கு. தரையை ஒட்டிய அலமாரிக்கும் அடுக்களைத் தொட்டிக்கு அடியிலும் அதைப் போட வேண்டாம். எங்கள் பின்னறை அலமாரியின் அடிப்பலகையை மாற்றி, நான்கு அங்குல உயரத்துக்குப் பனஞ்சட்டக் கால் கொடுத்தேன். கால்களைப் பலகையோடு பிடிக்க முதல் கியரும் கிளட்ச் 8-உம் போதுமாக இருந்தன.

ஸ்க்ரூ விஷயத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். கறுப்பு ஸ்க்ரூ என்று பொட்டலம் பொட்டலமாகக் கிடைப்பது ஜிப்சம் போர்டுக்காகச் செய்தது. கூர் நன்றாக இருப்பதால் மரத்தில் வேகமாக இறங்குகிறது, அதனால் எல்லாரும் எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள். அதன் எஃகு கடினமானது, வளையாது, ஒடியும். மேலிருக்கும் கறுப்புப் பூச்சு உப்புக் காற்றைத் தாங்காது. அறைக்குள் சரி, தாழ்வாரத்துக்கும் வெளிக்கதவுக்கும் ஆகாது. எவர்சில்வர் ஸ்க்ரூ வாங்குங்கள். 304 ரகம் சாத்தான்குளத்துக்குள் போதும். மணப்பாடு, பெரியதாழை மாதிரிக் கடலையே பார்த்து நிற்கும் வீடுகளுக்கு 316 நல்லது. அதில் சேர்த்திருக்கும் மாலிப்டினம் குளோரைடின் அரிப்பைத் தடுக்கிறது. எவர்சில்வர் ஸ்க்ரூ சற்று மென்மையானது; சரியான துளை போடாமல் பனையில் இறக்கினால் பாதியில் தலை முறிந்துவிடும். மரையில் சோப்பைக் கொஞ்சம் தேய்த்துக்கொண்டால் முனகாமல் இறங்கும். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் தோணி கட்டும் ஓடாவிகள் பலகையில் ஆணி இறக்குமுன் துளை போட்டுக்கொள்ளும் கவனம், கரையில் இருக்கும் நம் வீட்டுக்கும் வேண்டும்.

சுவருக்கு வருவோம். இங்கே பேட்டரி மெஷினுக்குப் பாதி மதிப்பெண்தான். இதிலும் சுத்தியல் படம் போட்ட ஒரு நிலை உண்டு. அதில் வைத்தால், பல் வெட்டிய இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து, பிட்டை முன்னும் பின்னும் வேகமாகத் தட்டுகின்றன. நிமிடத்துக்கு இருபதாயிரம் தட்டுக்கு மேல். ஆனால் ஒவ்வொரு தட்டும் மிகச் சிறியது. அதற்குப் பலம் நம் கை அழுத்தத்திலிருந்துதான் வர வேண்டும். நாட்டுச் செங்கலிலும் சுண்ணாம்புக் காரையிலும் 6 மில்லிமீட்டர் துளை சிரமமில்லாமல் போகிறது. பழைய காரைச் சுவரில் தட்டும் நிலையே வேண்டாம். வெறுமனே சுற்றவிட்டாலே இறங்குகிறது, காரையும் உதிராமல் இருக்கிறது. அந்தச் சுவரில் பிளாஸ்டிக் ரால் பிளக் சில இடங்களில் பிடிக்காமல் சுழலும். அங்கே 10 மில்லிமீட்டர் துளை போட்டு, வேப்பங்கட்டையைச் சீவி ஆப்பாக அடித்து, ஆப்பில் ஸ்க்ரூ போட்டால் ஆடாது. பிளாஸ்டிக் பிளக் வருமுன் எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். 1911-இல் லண்டனில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவர் சணல் நாரை இறுக்கிச் செய்த பிளக்குக்குக் காப்புரிமை வாங்கினார்; அவர் பெயர்தான் இன்று நம் ஊர் எலக்ட்ரீஷியன் வாயிலும் ரால் பிளக்காக வாழ்கிறது. நைலான் பிளக் 1958-இல் ஜெர்மனியின் ஆர்ட்டுர் ஃபிஷர் செய்தது.

கான்கிரீட்டில் கதை வேறு. பின்னறையின் லிண்டலில் கர்ட்டன் கம்பிக்குத் துளை போட பேட்டரி மெஷினை வைத்தால் முதல் ஒரு சென்டிமீட்டர் போகிறது. ஜல்லிக்கல் எதிர்ப்பட்டதும் நின்றுவிடுகிறது. வயர் மெஷின் நேரம் எடுத்துக்கொண்டு முடிக்கிறது, ஆனால் தோள் வலிக்கிறது, பிட் பழுக்கிறது. இரண்டுமே இந்த வேலைக்கான கருவி அல்ல. ரோட்டரி ஹாமர் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதில் உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று ஓர் எடையைத் தள்ளிப் பிட்டின் பின்புறம் அடிக்கிறது. தட்டுகளின் எண்ணிக்கை குறைவு, அடி பெரியது. நாம் பலமாக அழுத்த வேண்டியதில்லை. போஷ் கம்பெனி 1932-இல் இத்தகைய ஹாமரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சக்குக்குள் பிட் முன்பின் நகர இடம்விடும் எஸ்.டி.எஸ். பொருத்தியை 1975-இல் அறிமுகப்படுத்தியது. வருஷத்துக்கு ஓரிரு முறை கான்கிரீட்டில் துளை போடுகிறவர் இதை விலைக்கு வாங்க வேண்டாம். வாடகைக்கு எடுக்கலாம், அல்லது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் குறி போட்டுக் கொடுத்து, எல்லாத் துளைகளையும் ஒரே நாளில் போடச் சொல்லலாம். சீலிங்கில் மின்விசிறிக் கொக்கி போன்ற எடை தாங்கும் வேலைகளை, தெரிந்தவரிடம் விடுவதே சரி.

பேட்டரியைப் பற்றி மக்களுக்கு இரண்டு சந்தேகம்: எவ்வளவு நேரம் நிற்கும், எத்தனை வருஷம் வரும். 12 வோல்ட் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் உள்ளே மூன்று லித்தியம் செல்கள், ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், வேலை நேர அளவு 10.8 வோல்ட். முழுசாக ஏறிய கணத்தில்தான் 12-ஐத் தொடும். இதே கணக்கில்தான் 18 வோல்ட் மெஷினை 20 வோல்ட் மேக்ஸ் என்றும் விற்கிறார்கள். இரண்டும் ஐந்து செல், இரண்டும் ஒன்றே. 20 என்ற எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். என் பேட்டரி 2 ஆம்பியர் அவர். 10.8-ஐ 2-ஆல் பெருக்கினால் 21.6 வாட் அவர். 550 வாட் மெஷினுக்கு இந்த மின்சாரத்தைக் கொடுத்தால் இரண்டரை நிமிடம்கூட முழு வேகத்தில் ஓடாது. கேட்கச் சொற்பமாகத் தெரிகிறது. ஆனால் துளை போடும் வேலையில் மெஷின் ஓடும் நேரம் விநாடிகளில்தான் இருக்கிறது. மீதியெல்லாம் குறி போடுவதும் ஏணி மாற்றுவதும். தாழ்வாரத்து ரீப்பர் வேலையில், ஒரு பேட்டரி தீரும்போது மற்றது ஏறித் தயாராக இருந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளிலும் வேலை நிற்கவில்லை. ஓடு பிரித்த கூரையில், ஈரத் தரையில், வயர் இல்லாமல் நிற்பது எவ்வளவு நிம்மதி என்பதை ஏணியில் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெயில்தான் பேட்டரிக்கு எதிரி. சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகையிலோ காரின் டிக்கியிலோ விட்டுவைக்கக் கூடாது. லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. நல்ல சார்ஜர்கள் சூடான பேட்டரியை ஏற்க மறுத்து விளக்கைச் சிமிட்டும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் கடைக்கு ஓடாமல், நிழலில் ஆறவைத்து மறுபடி செருகுங்கள். மாசக்கணக்கில் வேலை இல்லை என்றால் பாதி சார்ஜில் எடுத்து வைப்பது நல்லது. எத்தனை வருஷம் என்பதற்கு, பேட்டரி தனியாக உதிரியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்பதுதான் சரியான பதில். மெஷினின் மோட்டாரும் கியரும் பேட்டரியைவிட நெடுநாள் உழைக்கும். பேட்டரி கிடைக்காவிட்டால் நல்ல மெஷினைத் தூக்கி எறிய வேண்டிவரும். அது எனக்குப் பொறுக்காத விரயம். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்; தேரிக்காட்டுக் குப்பையில் வீச வேண்டாம்.

குறைகளும் உண்டு. 10 மில்லிமீட்டர் சக்கில் பெரிய ஆகர் பிட்டின் காம்பு நுழையாது. அறுகோணக் காம்புள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். சாவி இல்லாமல் கையால் இறுக்கும் சக் வசதியானது, ஆனால் பனையில் தொடர்ந்து வேலை செய்தால் அவ்வப்போது இறுக்கிவிட வேண்டியிருக்கிறது. கிளட்ச் எண்களின் அச்சு சிறிது. தாழ்வாரத்து நிழலில் கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை. பெட்டியோடு வரும் பிட்டுகளில் மரத்துக்கானவை நாள்படத் தாங்காது. மெஷினில் மிச்சம் பிடித்த காசை நல்ல ஹெச்.எஸ்.எஸ். பிட்டுகளில் போடுங்கள். சுவர் பிட்டின் மொட்டை முனையைப் பனையில் வைக்கவே வைக்காதீர்கள். அது துளைக்காது, தேய்க்கும். விலை என்று பார்த்தால், இரண்டு பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்த செட் சாதாரண வயர் மெஷினைவிட நன்றாகவே கூடும். சுவரில் மட்டுமே வேலை இருக்கிறவர்களுக்கு அந்தக் கூடுதல் செலவு வேண்டியதில்லை.

இந்த மெஷின் இருந்தால் ஆசாரி வேண்டாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நம் பக்கத்தில் மர வேலை பள்ளியில் சொல்லிக்கொடுக்கப்பட்ட தொழில். நாசரேத்தில் மிஷனரி மர்காஷிஸ் ஐயர் 1878-இல் ஆர்ட் இண்டஸ்டிரியல் ஸ்கூல் தொடங்கினார். கைத்தொழிலை வகுப்பறைக்குள் கொண்டுவந்த அந்த முயற்சி நடந்த காலத்தில் உலகில் கையில் பிடிக்கும் மின்சார டிரில்லே கிடையாது. ஸ்டுட்கார்ட்டில் ஃபைன் கம்பெனி அதைச் செய்தது 1895-இல், பிளாக் அண்ட் டெக்கர் பேட்டரியில் ஓடவிட்டது 1961-இல். விட்டம் இறங்கினால், பனங்கை செல்லரித்தால், நிலை சாய்ந்தால் ஆசாரியைத்தான் கூப்பிட வேண்டும். அவருடைய கூலிக்கு உரிய வேலை அது. கழன்ற கீல், ஆடும் ரீப்பர், தொங்கும் அலமாரிக் கதவு ஆகியவற்றுக்காக அவர் ஒரு நாளை ஒதுக்கி வர முடிவதில்லை; அந்த வேலைகள் நம் வீடுகளில் மழைக்கு மழை தள்ளிப்போய்ப் பெரிய செலவாகின்றன. இந்த இடைவெளியில்தான் பேட்டரி டிரில் உதவுகிறது.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே செய்து பார்க்க வேண்டியவை சில. பேட்டரியைப் போட்டு, முதல் கியரில் ட்ரிக்கரை மயிரிழை அழுத்துங்கள்; சக் திணறாமல் ஒவ்வொரு சுற்றாக நகர வேண்டும், திடீரென்று பாயக் கூடாது. நீளமான பிட் ஒன்றை மாட்டிச் சுற்றவிட்டு, நுனி வட்டம் போடுகிறதா என்று பாருங்கள். வட்டம் போட்டால் துளையும் அகலமாகும், வேறு பீஸ் கேளுங்கள். கிளட்ச்சை 1-இல் வைத்து ஒரு மரத்துண்டில் ஸ்க்ரூவை இறக்கி, எங்கே விடுகிறது என்று காதால் கேளுங்கள். உதிரி பேட்டரியின் விலையையும், கார்பன் பிரஷ் கிடைக்குமா என்பதையும், சர்வீஸ் தூத்துக்குடியிலா திருநெல்வேலியிலா என்பதையும் பில் போடுமுன் விசாரித்துவிடுங்கள். கையோடு ஒரு சிறு பனஞ்சட்டத் துண்டும் கொண்டுபோயிருந்தால், அதில் ஒரு துளை போட்டுப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.